அவுஸ்திரேலியர் இருமுறை மறுத்தது

போரை ஆதரிப்போர் கட்டாயப் படைச்சேர்ப்பையும் ஆதரிப்பர் என ஆட்சியாளர் எண்ணுவது வழக்கம். முதலாம் உலகப் போரிடையே அவ்வெண்ணத்தை மக்களின் வாக்குக்கே விட்டுப் பார்த்தது அவுஸ்திரேலியா.

1914இல் அந்நாட்டு இளைஞர் தாமாகவே திரண்டு படையிற் சேர்ந்தனர். கலிப்பொலியிலும், 1916இல் பிரான்சிலும் மாண்டோர் தொகை அவ்வார்வத்தைக் கரைத்தது. கட்டாயமாகத் திரட்டியவரைக் கடல்கடந்து அனுப்பச் சட்டம் இடந்தரவில்லை. செனற் சபையில் தம் தொழிற்கட்சியினரே எதிர்ப்பர். எனவே பிரதமர் ஹியூஸ் 1916 ஒக்டோபர் 28ஆம் திகதி பொதுசன வாக்கெடுப்பு நடத்தினார். முடிவு தெரியுமுன்னரே மணமாகாத இளைஞரைப் பயிற்சிக்கு அழைத்தமை வீடுதோறும் கலக்கத்தை விளைத்தது. அவ்வாண்டு டப்ளின் எழுச்சி நசுக்கப்பட்ட விதத்தால் ஐரிஷ் வழியினரும் கசந்திருந்தனர். ஆளைக் கட்டாயமாக எடுக்கும் அரசு செல்வத்தை ஏன் அவ்வாறு எடுக்கவில்லை என்று தொழிலாளர் கேட்டனர். அதற்கு நேரிய விடை கிடைக்கவில்லை.

முற்போக்காளர் சொல்லத் தயங்கும் ஒன்றும் இங்குண்டு. போருக்குச் சென்றோரின் இடத்துக்குக் குறைந்த கூலிக்கு நிறத்தவர் கொண்டுவரப்படுவர் என்ற அச்சத்தையும் எதிர்ப்பியக்கம் வளர்த்தது. அவ்வேளை கப்பலில் வந்தனர் 214 மோல்ற்றாத் தொழிலாளர். பிரித்தானிய முடியின் குடிகள். வாக்குப் போய்விடும் என அஞ்சிய அரசு, டச்சு மொழியிற் சொல்வதெழுதுதற் பரீட்சை வைத்து அவர்களைத் தடுத்தது. அம்மொழியை அவர்கள் அறியார் என்பதற்காகவே அது தெரிவுசெய்யப்பட்டது. வகுப்பறையிற் சொல்வதெழுதுதல் வைக்கும் எனக்கு இதனைப் படிக்கையில் நாணமே உண்டாயிற்று.

72,476 வாக்கு வேறுபாட்டில் மறுப்பே வென்றது. தொழிற்கட்சி பிளந்தது, வெளியேறிய ஹியூஸ் பழைய எதிரிகளுடன் கூடிப் புதுக்கட்சி அமைத்தார். போரை வென்று முடிப்போம் என்ற முழக்கத்துடன் 1917 மே மாதத் தேர்தலிற் பெருவெற்றியும் பெற்றார். மக்கள் போரை வெறுத்துவிட்டனர் என்று கொள்வது ஆகவே பிழை. போரை நடத்தும் பொறுப்பை ஹியூசிடம் மனமுவந்து கொடுத்தோரிற் பலர், தம் பிள்ளையைப் பிடித்துச் செல்லும் உரிமையைக் கொடுக்க மறுத்தனர்.

தேர்தல் வெற்றியை நம்பி, 1917 டிசெம்பர் 20இல் ஹியூஸ் மீண்டும் கேட்டார். முதல் வினாவில் ‘கட்டாய அதிகாரம்’ என்ற சொல் இருந்தது. இம்முறையோ படைக்கு வலுவூட்டும் திட்டத்தை ஏற்கிறீரா என்பதே வினா. சொல் மறைந்தும் பொருள் மறையவில்லை. வேறுபாடு 166,588 ஆகப் பெருகியது. அவ்வதிகாரமின்றி ஆட்சி நடத்தேன் எனச் சூளுரைத்திருந்த ஹியூஸ் 1918 ஜனவரி 8இற் பதவி துறந்தார். 10ஆம் திகதி மீண்டும் பிரதமராகப் பதவியேற்றார்.