கோட்டை ஆலயத்தில் கிறிஸ்துமஸ் மாலை ஆராதனை

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில், காவலர் சோதனையைக் கடந்து, தலைமைச் செயலகத்தை அடுத்துள்ள தூய மரியாள் ஆலயத்தின் கிறிஸ்துமஸ் மாலை ஆராதனைக்குச் செல்பவர், முற்றத்தில் பதித்த கல்லறைக் கற்களின் மீதே நடந்தாக வேண்டும். அக்கற்களுக்குரியோர் அவற்றின் கீழ் இல்லை. 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, வெளியே இருந்த பழைய இடுகாட்டின் கல்லறைகள் பகைவர்க்கு மறைவிடமாய் அமைந்தமையால், பின்னர் அவற்றை இடித்துக் கற்களை மட்டும் இங்கே கொணர்ந்து பரப்பினர்.

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் கவர்னர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் தம் பங்காக நூறு வராகன் அளித்துத் தொடங்கிய நிதியைக்கொண்டு, மரியாளுக்குத் தேவதூதன் மங்கள வார்த்தை சொன்ன திருநாளான மார்ச் 25-இல், 1678-ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பெற்று, 1680 அக்டோபர் 28-இல் பிரதிஷ்டை செய்யப்பெற்ற இவ்வாலயம், இந்தியாவில் இன்றும் நிற்கும் ஆங்கிலிக்கன் ஆலயங்களுள் மிகப் பழமையானது. பீரங்கிக் குண்டுக்கும் அசையாதிருக்க இரண்டடிக் கனத்தில் எழுப்பிய செங்கல் வளைவுக் கூரையே, இன்று பாடகர் குழுவின் கீதங்களை ஏந்திச் சபையின்மேல் கம்பீரமாகப் பொழிகிறது; யுத்தத்தை எண்ணிக் கட்டியது சங்கீதத்துக்கு இத்துணை உபகாரமாய் அமைந்தது தெய்வச் செயல் என்றே நான் நம்புகிறேன்.

கிளைவின் விவாகம் 1753-இல் இங்கே நடந்தது என்பதைப் பலரும் சொல்லுவர். எனக்கோ அதனினும் பெரிதாகத் தோன்றுவது சுவார்ட்ஸ் ஐயரின் பளிங்கு நினைவுச் சின்னம். ஜெர்மனியிற் பிறந்து, தமிழைக் கற்று, திருச்சியிலும் தஞ்சையிலும் ஊழியம் புரிந்து, 1779-இல் கும்பினியின் தூதராக ஹைதர் அலியிடம் ஸ்ரீரங்கப்பட்டணம் சென்ற அப்பெரியாரின் அந்திம வேளையை இளைய ஜான் பேக்கன் செதுக்கியிருக்கிறார். உடன் ஊழியர் ஒருவர் தலையைத் தாங்க, ஐயர் ஆதரித்து வளர்த்த சிறார் சூழ்ந்து நிற்க, ஒரு குழந்தை அவர் கையைப் பற்றிக்கொண்டிருக்க, அவர் பார்வையோ சிலுவையேந்தி இறங்கும் தேவதூதனை நோக்கியிருக்கிறது. கவர்னர்களும் தளபதிகளும் நினைவுகூரப்படும் இவ்வாலயத்தில், வாள் ஏந்தாத, லூத்தரன் மரபினரான ஒருவருக்குக் கும்பினியாரே தம் செலவில் இதனை எடுப்பித்தனர் என்பது, நற்குணத்தின் முன் அதிகாரமும் தலைவணங்கியதற்குச் சான்று.

ஆகவே, பண்டிகை ஆராதனைக்கு வரும் அன்பர்கள், மணியடிக்கும் வேளைக்குச் சற்று முன்னதாகவே, வெளிச்சம் இருக்கும்போதே வந்து, இச்சிற்பத்தின் முன் நின்றுவிட்டு, பிறகு தத்தம் ஆசனத்தில் அமர வேண்டுகிறேன்.