பஃபரை விடுவிக்கும் நேரம்: தேனி கண் மருத்துவ வலையமைப்பு

அனுப்பி முடித்த பாக்கெட்டின் நினைவகத்தை, அதாவது பஃபரை, எப்போது விடுவிப்பது என்பது நெட்வொர்க் டிரைவர் எழுதுபவர்களின் பழைய சிக்கல். அவசரப்பட்டு விடுவித்தால், சிப் இன்னும் படித்துக்கொண்டிருக்கும் இடத்தில் கர்னல் வேறு எதையாவது எழுதிவிடும். கெட்டுப்போன பாக்கெட் வெளியே போகும். தாமதித்தால் பஃபர்கள் தேங்கி, வரிசை நிரம்பி, அனுப்புவதே நின்றுவிடும். முதல் பிழை தரவைக் கெடுக்கும். இரண்டாவது, நாள்கணக்கில் நன்றாக ஓடிய கணினியைக் காரணம் தெரியாமல் முடக்கும்.

1983-இல் வந்த 4.2பிஎஸ்டி, பாக்கெட்டை எம்பஃப் எனப்படும் 128 பைட் துண்டுகளின் சங்கிலியாக வைத்தது. பெரிய தரவுக்குத் தனிப் பக்கங்கள் உண்டு. அவற்றை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கை பூஜ்யமானால்தான் இடம் விடுபடும். லினக்ஸின் எஸ்கேபஃப் அமைப்பிலும் அடிப்படை இதுவே. 2001 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 2.4-இல் இன்னொரு ஒழுங்கு சேர்ந்தது. இன்டரப்ட் ஓடும்போது டிரைவர் பஃபரை அங்கேயே விடுவிக்காமல் ஒரு வரிசையில் போட்டுவிடும். கர்னல் சற்றுப் பொறுத்து அதை விடுவிக்கும்.

கம்பிவழி ஈதர்நெட்டில் விடுவிக்கும் தருணம் தெளிவானது. சிப் அனுப்பி முடித்ததும் சொல்லும், டிரைவர் விடுவிக்கும். வைஃபையில் அப்படியில்லை. அதன் பழைய முறையில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் மறுமுனையிலிருந்து 'ஆக்' என்ற ஒப்புகை வர வேண்டும். அதுவரை பஃபர் சிப்பின் பிடியில்தான் இருக்கும். அறைக்குள் இது யாருக்கும் தெரியாத நொடிப்பொழுது. மதுரை மாவட்டத்துக்கு மேற்கே, தேனியின் நெடுந்தூர இணைப்புகளில்தான் அது பெரிய தடையாயிற்று.

மதுரையில் 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. அங்கிருந்து மேற்கே சுமார் 75 கிலோமீட்டரில் இருக்கும் தேனியில் 1985-இல் அதன் கிளை வந்தது. கண்ணில் குறை உள்ள கிராமத்தார் பஸ் செலவையும் ஒரு நாள் கூலியையும் இழந்து அங்கே வர வேண்டியிருந்தது. அதைத் தவிர்க்க ஊர்களில் சிறு கண் மையங்கள் திறக்கப்பட்டன. அங்கே உட்கார்ந்திருக்கும் நோயாளியை மருத்துவர் தேனியிலிருந்தே வீடியோவில் பார்ப்பதுதான் திட்டம். அன்றைய கிராமப்புற இணைப்புகள் அதற்குப் போதவில்லை. 2001-இல் மேலூர் வட்டாரத்தில் சாரி என்ற கிராமப்புற இணையத் திட்டம் பயன்படுத்திய, சென்னை ஐஐடியில் பிறந்த கோர்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பமே அதிகபட்சம் விநாடிக்கு 70 கிலோபிட்தான் தந்தது.

2005-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்து டியர் என்ற ஆய்வுக் குழு, எரிக் பிரூவர் தலைமையில், மருத்துவமனையுடன் சேர்ந்து வைஃபை இணைப்புகளை அமைத்தது. ஐந்து கண் மையங்களும் தேனி மருத்துவமனையும் இணைந்த வலையில் 11 ரூட்டர்கள் இருந்தன; இணைப்புகளின் நீளம் 1 முதல் 15 கிலோமீட்டர் வரை. ஆன்டெனாக்கள் கோபுரங்களிலும் மாடிகளிலும், ஓரிடத்தில் ஜவுளி ஆலை வளாகத்து மின்நிலையப் புகைபோக்கியிலும் ஏறின. ரூட்டர் என்பது 266 மெகாஹெர்ட்ஸ் செயலியும் லினக்ஸ் 2.4.26-உம் கொண்ட ஒற்றைப் பலகைக் கணினி. தேங்கும் பஃபரைத் தாங்க அதில் இடம் குறைவு.

15 கிலோமீட்டரை ரேடியோ அலை கடக்க 50 மைக்ரோவிநாடி ஆகும். ஒப்புகை திரும்பி வர மேலும் 50. அக்காலத்துச் சில சிப்கள் 20 மைக்ரோவிநாடிக்கு மேல் காத்திருக்கவே மாட்டா. அவற்றின் எல்லை 3 கிலோமீட்டர். அதற்கு மேல் நடப்பதைப் பாருங்கள்: பாக்கெட் முதல் முறையே போய்ச் சேர்ந்துவிடும், ஒப்புகையும் கிளம்பிவிடும். ஆனால் அனுப்பிய சிப் அது தொலைந்ததாக முடிவுகட்டி, அதே பஃபரைத் திரும்பத் திரும்ப அனுப்பும். அத்தனை முறையும் அந்தப் பஃபர் விடுபடாது, பின்னால் நிற்பவை நகரா. அத்தெரோஸ் சிப்பில் காத்திருப்பு நேரத்தைக் கூட்ட முடிந்தது. எனினும் பாக்கெட்டுக்குப் பாக்கெட் காத்திருப்பதில் வேகம் வீணாயிற்று.

ரபின் பத்ரா, செர்ஜியு நெதேவ்ஸ்கி, சோனேஷ் சுரானா, லட்சுமிநாராயணன் சுப்ரமணியன் முதலியோர் பிரூவருடன் சேர்ந்து 2007-இல் வெளியிட்ட வைல்ட்நெட் என்ற முறை, சிப்பின் ஒப்புகையையே அணைத்துவிட்டது. இரு முனைகளும் முறைவைத்து அனுப்பின. பல பாக்கெட்டுகளுக்கு மொத்தமாக ஓர் ஒப்புகை வந்தது. இதனால் பஃபர் விடுவிப்பு இரண்டாகப் பிரிந்தது. 'அனுப்பியாயிற்று' என்று சிப் சொல்வது இனி 'சேர்ந்தது' என்று ஆகாது. சிப் தன் பிடியை உடனே விடும். மேலே உள்ள மென்பொருளோ மொத்த ஒப்புகை வரும்வரை பாக்கெட்டைத் தன்னிடம் வைத்திருக்கும், வராதவற்றை மட்டும் திரும்ப அனுப்பும். விடுவிக்கும் பொறுப்பு வன்பொருளிடமிருந்து மென்பொருளுக்கு வந்ததுதான் இந்த வடிவமைப்பின் உயிர். வழக்கமான வைஃபையைவிட 2 முதல் 5 மடங்கு வேகம் கிடைத்தது.

மொத்த ஒப்புகை என்ற எண்ணம் வைஃபை தரத்திலும் தனி வழியில் வளர்ந்தது: 2005-இல் 802.11இ-யில் நுழைந்து, 2009-இன் 802.11என்-இல் வழக்கமாயிற்று. அதில் ஒரே ஒப்புகை 64 பாக்கெட்டுகள் வரை உள்ளடக்கும். எது சேர்ந்தது, எது சேரவில்லை என்று தனித்தனியே தெரிந்த பிறகே டிரைவர் ஒவ்வொரு பஃபரையும் விடுவிக்கிறது. தூரத்தின் சிக்கல் மட்டும் அப்படியே இருக்கிறது. இன்றும் பல கிலோமீட்டர் தூரத்துக்கு வைஃபை இணைப்புப் போடுபவர்கள், லினக்ஸில் இணைப்பின் தூரத்தை மீட்டரில் குறிக்கும் அமைப்பை முதலில் சரிசெய்துகொள்ள வேண்டும்.