தேதி போட மறக்காத ஓவியர்

முதலாண்டு டிராயிங் ஹாலை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். ராத்திரி முழுக்கக் கண் விழித்துப் போட்ட ஷீட்டை நீட்டினால், சார் படத்தைப் பார்க்கவே மாட்டார். வலது கீழ் மூலையைத்தான் பார்ப்பார். "பேர் எங்கே? தேதி எங்கே?" இல்லையென்றால் ஷீட் அப்படியே திரும்பி வரும். அப்போது கோபம் கோபமாக வந்தது. பல வருடம் கழித்து ஜான் ஸ்மார்ட் என்பவரைப் பற்றிப் படித்தபோதுதான், நம்ம சாருக்கு முன்னோடி ஒருவர் இதே சென்னையில் இருந்திருக்கிறார் என்று தெரிந்தது!

ஸ்மார்ட் 1741 வாக்கில் இங்கிலாந்தில் பிறந்தவர். உள்ளங்கைக்குள் அடங்கும் மினியேச்சர் முகச்சித்திரங்கள்தான் அவர் தொழில். 1755-ல் லண்டனில் சிறுவர்களுக்கான ஓவியப் போட்டியில் அவருக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு ரிச்சர்ட் காஸ்வே என்ற பையனுக்கு. இந்தக் காஸ்வே 1785-ல் வேல்ஸ் இளவரசரின் ஓவியராகவே ஆகிவிட்டார். அதே 1785-ல் நம்ம ஸ்மார்ட் என்ன செய்தார் தெரியுமா? நாற்பது வயதைத் தாண்டிய பிறகு கப்பலேறி மதராஸ் வந்து இறங்கினார். அதற்கு முன் 1778-ல் லண்டன் ஓவியர் சங்கத்துக்குத் தலைவராகவே இருந்தவர் அவர்.

பத்து வருடம் இங்கே இருந்தார். ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவையும் அவர் குடும்பத்தாரையும் வரைந்தார். 1792-ல் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸை வரைந்தார். கும்பினி அதிகாரிகளும் அவர்கள் மனைவிமாரும் அவர் முன் வந்து உட்கார்ந்தார்கள். போட்டோ இல்லாத காலம் அது. ஊருக்குக் கடிதம் போய்ச் சேரவே மாதக்கணக்காகும். திரும்பிப் போவோமா என்பதே நிச்சயமில்லாதவர்களுக்கு, அந்த இரண்டு அங்குல முகம்தான் வீட்டுக்கு அனுப்பக்கூடிய துணை.

வேலை சாதாரணமானதல்ல. மெல்லிய தந்தத் தகட்டின்மேல் நீர்வண்ணம். தந்தத்தில் எண்ணெய்ப் பசை உண்டு. அதைப் போக்கித் தேய்த்துப் பக்குவம் செய்யாவிட்டால் வண்ணம் வழுக்கிவிடும். பிறகு நுனித் தூரிகையால் கோடு கோடாக, புள்ளி புள்ளியாக நிரப்ப வேண்டும். காஸ்வே முகத்தை அழகுபடுத்துவார், கண்ணைப் பெரிதாக்குவார். ஸ்மார்ட்டிடம் அதெல்லாம் நடக்காது. கண்ணோரச் சுருக்கம் இருந்தால் சுருக்கம்தான்!

எல்லாம் முடிந்ததும் மூலையில் பொடி எழுத்தில் தன் பெயரின் இரண்டு முதலெழுத்து, ஆண்டு, அதன்கீழ் 'ஐ' என்று ஓர் ஆங்கில எழுத்து. 'இந்தியா' என்பதன் அடையாளம் அது. 1795-ல் லண்டன் திரும்பியதும் அந்த 'ஐ' நின்றுபோனது. ஆண்டு போடும் பழக்கம் மட்டும் நிற்கவில்லை.

அவர் பெயரையே கொண்ட மகனும் மினியேச்சர் ஓவியர்தான். அப்பா வழியிலேயே மதராஸ் வந்தவர், 1809-ல் இங்கேயே இறந்துபோனார். அப்பா 1811-ல் லண்டனில் காலமானார்.

இன்று அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் உள்ள நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில், ஸ்டார் தம்பதியர் சேர்த்துக் கொடுத்த ஸ்மார்ட் ஓவியங்கள் இருக்கின்றன. அவர் தொழில் செய்த ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு படம் என்று வரிசையாக அடுக்க முடிந்தது எதனால்? மூலையில் போட்ட அந்தத் தேதியால்தான். ஆனால் அவர் வரைந்த முகங்கள் பலவற்றுக்கு இன்று பெயரில்லை. 'யாரோ ஒரு கனவான்', 'யாரோ ஒரு சீமாட்டி', அவ்வளவுதான். ஓவியர் தன் பெயரை எழுதினார். எதிரே உட்கார்ந்தவர் பெயரை, வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியுமே என்று பல சமயம் யாரும் எழுதி வைக்கவில்லை. இரண்டு தலைமுறை போனதும் வீட்டுக்காரர்களுக்கே தெரியாமல் போனது.

நண்பர்களே, இன்று மாலை நாம் எல்லோரும் குரூப் போட்டோ எடுக்கப் போகிறோம். பிரிண்ட் கைக்கு வந்ததும் பின்பக்கம் திருப்பி, தேதியோடு அத்தனை பேர் பெயரையும் எழுதி வையுங்கள். "நம்ம பசங்கதானே, தெரியாதா?" என்று விட்டுவிடாதீர்கள். எழுதாமல் கொண்டு வந்தால் சார் திருப்பி அனுப்பிவிடுவார், ஞாபகம் இருக்கட்டும்!