ஒளிப்பட உணரியின் வழுக்களும் திருத்தமும்: ஒரு வரலாற்று நோக்கு

வானியல் ஒளிப்படங்களைப் பற்றி எழுதுவோர் அவற்றாற் பெறப்பட்ட கண்டுபிடிப்புகளையே விரித்துரைப்பர். கருவியின் வழுக்கள் களையப்பட்ட வரலாறு அத்துணைக் கவனத்தைப் பெறவில்லை. படத்திலே தோன்றும் ஒரு புள்ளி வானத்துக்குரியதா, கருவிக்குரியதா? சுவடியிற் பூச்சியரித்த துளையை எழுத்தின் புள்ளியாக மயங்கும் பதிப்பாளனின் இடர்ப்பாடு இங்கும் உண்டு.

1964 இல் ரேஞ்சர் 7 அனுப்பிய சந்திரப் படங்களைக் கலிபோர்னியாவின் ஜெற் உந்துகை ஆய்வுகூடத்தில் ரொபேட் நேதன் முதலானோர் கணினியின் துணைகொண்டு திருத்தினர். மறுவருடம் மரினர் 4 செவ்வாயைப் படம்பிடித்தது. அதன் ஒவ்வொரு படமும் 200 வரிகளும் வரிக்கு 200 புள்ளிகளும் கொண்டது. ஒளியளவு 64 படிகளாகப் பகுக்கப்பட்டது. அக்காலத்து விடிக்கன் குழாயில் இலத்திரன் கற்றையே படத்தை வருடியது. கற்றை பிறழின் படமும் கோணும். ஆதலின், 1977 இல் ஏவப்பட்ட வொயேஜர் கலங்களின் குழாய்முகப்பிலே சிறு கரும்புள்ளிகள் நிரலாகப் பொறிக்கப்பட்டிருந்தன. அவற்றின் உண்மையான இடங்கள் முன்னரே அளக்கப்பட்டமையால், படத்தில் அவை விலகிய தூரமே கோணலின் அளவாயிற்று. வழுவை அளத்தற்கென்றே படத்திற் கறை இடப்பட்டமை நயக்கத்தக்கது.

1969 இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பொயில், ஸ்மித் ஆகிய இருவரும் சீ.சீ.டி. எனும் சிலிக்கன் சாதனத்தை உருவாக்கினர். அவர்கள் முதலிற் கருதியது நினைவகமொன்றையே. 1976 இல் யுரேனசு கோள் இதனாற் படம்பிடிக்கப்பட்டது. கலங்கள் சிலிக்கனில் நிலையாக அமைந்தமையால் கற்றையால் விளைந்த கோணல் நீங்கிற்று. வேறு வழுக்கள் தலைகாட்டின. ஒளி படாதபோதும் வெப்பத்தால் இலத்திரன்கள் சேர்ந்தன; கலத்துக்குக் கலம் உணர்திறனும் வேறுபட்டது.

இவற்றுக்குக் கண்ட பரிகாரம் எளிமையானது. மூடியைத் திறவாது, அதே வெப்பநிலையில் அதே நேரத்துக்கு எடுத்த இருட்படத்தை மூலப்படத்திலிருந்து கழிப்பர். பின்னர், சீரான ஒளியில் எடுத்து அவ்வாறே கழித்துப்பெற்ற படத்தால் வகுப்பர். தூசியின் வளையநிழலும் இவ்வகுத்தலால் மறையும். சீரான ஒளிக்கு நிலத்திலுள்ளோர் அந்திவானை நாடினர். 1990 இல் ஏவப்பட்ட ஹபிள் தொலைகாட்டிக்கோ அந்திவானம் இல்லை. ஒளிபட்ட பூமியையே அது நோக்கவேண்டியிருந்தது. முகிற்கூட்டங்கள் கீறல்களாகப் படிந்தமையாற் பல படங்களை இணைத்தே சீரான ஒளிப்பரப்பொன்று பெறப்பட்டது.

ஹபிளின் காப்பகத்தில் திருத்தப்படாத மூலப்படங்களும் பேணப்படுகின்றன. சிறந்த அளவீடுகள் கிடைக்குந்தோறும் பழைய படங்கள் அவற்றிலிருந்து மீளத் திருத்தப்படுகின்றன.