உறை சென்ற வழி: பனிச்சங்கேணியிலிருந்து இலங்கைத் தபால் வரலாற்றை அடுக்குதல்

இலங்கை முத்திரைகளை மட்டும் சேகரிப்பவர்களின் ஆல்பங்கள் பெரும்பாலும் ஒரே ஒழுங்கில் அமைகின்றன. 1857 ஏப்பிரல் 1ஆம் திகதி வெளியான விக்டோரியா மகாராணியின் 6 பென்ஸ் முத்திரை முதற்பக்கத்தில் இருக்கும். தொடர்ந்து துளையிடாத பென்ஸ் வரிசை. அதில் 1859ஆம் ஆண்டின் 4 பென்ஸ் ரோசா நிற முத்திரை எல்லோரும் ஆசைப்படுவது, மிகச் சிலருக்கே கிட்டுவது. 1872இல் ரூபா, சதக் கணக்கு வந்ததும் புதிய வரிசை. எண்பதுகளில் பழைய முத்திரைகள்மேல் புதிய விலை பொறித்த மேலச்சுகள். பின்னர் மன்னர்கள், சுதந்திரம், குடியரசு. இந்த ஒழுங்கில் பிழையில்லை. ஆனால் ஒரு நாட்டின் தபால் வரலாறாக இதை ஏற்க முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். முத்திரை எங்கே அச்சாயிற்று, எப்போது விலை மாறிற்று என்பவற்றை இது சொல்லும். அந்த முத்திரை ஒட்டிய கடிதத்தை எந்தக் கந்தோர் கையேற்றது, அது எந்தத் துறையைக் கடந்து யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பவை இதில் இல்லை. வெளியீட்டு ஆண்டை விட்டு, தபாற் கந்தோரையும் தபால் வழியையும் அலகாகக் கொண்டு ஒரு நாட்டின் சேகரிப்பை அடுக்கலாம், அடுக்க வேண்டும். வாகரைப் பிரதேசத்தின் பனிச்சங்கேணியை அதற்கு உரைகல்லாக எடுத்துக்கொள்கிறேன்.

பழைய ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 6 பென்ஸ் முத்திரையை இலண்டனின் பேர்க்கின்ஸ் பேக்கன் நிறுவனம் செதுக்கி அச்சிட்டது. இங்கிலாந்துக்குச் செல்லும் அரை அவுன்ஸ் கடிதத்தின் கட்டணம் அது. தீவின் முதல் முத்திரையே தீவை விட்டுப் போகும் கடிதத்துக்காகப் பிறந்தது. அதை ஆராய்ந்தவர்களும் பெரும்பாலும் அந்தக் கடிதங்கள் போய்ச் சேர்ந்த நாட்டிலேயே இருந்தார்கள். டி வேர்ம்ஸ் குடும்பம் இதற்குச் சிறந்த சான்று. மொரிஸ், கேப்ரியல் என்ற இரு சகோதரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் புசல்லாவையில் ரொத்சைல்ட் தோட்டத்தை உருவாக்கிக் கோப்பி பயிரிட்டார்கள். அதே குடும்பத்தின் பின்தலைமுறையினரான அன்ரனி, பெர்சி இருவரும் இலங்கை முத்திரைகளைச் சேகரிப்பதில் பெயர்பெற்றார்கள். பேர்க்கின்ஸ் பேக்கன் நிறுவனத்தின் பதிவேடுகளைப் பெர்சி தொகுத்த நூல் 1953இல் இலண்டனில் வெளிவந்தது. பென்ஸ் முத்திரைகளைப் பற்றி எழுதும் எவரும் இன்றும் அதைத் தொடாமல் எழுத முடியாது.

அந்த உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அதன் மூலங்கள் எவை என்பதையே கேட்கிறேன். அச்சகத்தின் கணக்குப் புத்தகம் ஒன்று. கோப்பித் தோட்டங்களிலிருந்தும் காலி, கொழும்பு வணிக நிறுவனங்களிலிருந்தும் இலண்டனுக்குப் போய், அங்குள்ள அலுவலகங்களில் கட்டுக் கட்டாகத் தப்பிப் பிழைத்த கடிதங்கள் மற்றொன்று. இந்த இரண்டின் மேல் எழுந்த அறிவில் காலியும் கண்டியும் கொழும்பும் நிறைந்திருப்பதும், கிழக்கின் வாவிக்கரை ஊர்கள் இல்லாமல் போனதும் இயல்பே. சேகரிப்பின் இலக்கணமே இந்த மூலங்களிலிருந்து உருவானதால், இல்லாமற் போனவை இல்லாதவையாகவே கருதப்பட்டன.

சுதந்திரத்துக்குப் பின் முத்திரையின் முகம் மாறிற்று. 1950இல் தொடங்கிய பொது வரிசையில் சிங்களமும் தமிழும் ஆங்கிலத்தோடு இடம்பெற்றன. அந்த வரிசையின் 35 சத நட்சத்திர ஓர்க்கிட் முத்திரையில் தமிழ் எழுத்தொன்றின் மேற்புள்ளி விடுபட்டு அச்சாகி, பிந்திய பதிப்பில் சேர்க்கப்பட்டது. புள்ளியில்லாதது ஒரு வகை, புள்ளியுள்ளது வேறொரு வகை என்று விலைப்பட்டியல்கள் அவற்றைப் பிரிக்கின்றன. தமிழ் வாசிக்கத் தெரிந்த சேகரிப்பாளருக்கு உருப்பெருக்கி இல்லாமலே தெரியும் வேறுபாடு இது. 2 ரூபா முத்திரையில் கல்லோயா அணைக்கட்டு வந்தது. 1958 முதல் அதே படங்கள் எழுத்தமைப்பு மாறி மறுபடி வெளியாயின. அரசகரும மொழிச் சட்டம் 1956இல் நிறைவேறியதை நினைத்தால் இந்த மாற்றத்துக்கு விளக்கம் வேண்டியதில்லை. பின்னாளில், 1979இல், காரைதீவில் பிறந்து கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய சுவாமி விபுலாநந்தருக்கும் முத்திரை வந்தது. இவையெல்லாம் அரசு தன் நாட்டை எப்படி வரைந்து காட்ட விரும்பியது என்பதற்கான சிறந்த சான்றுகள். கிழக்கு மாகாணத்தான் ஒருவன் அந்த முத்திரையை வாங்கி எங்கே எழுதினான் என்பதற்குச் சான்று வேறு. அது உறையின்மேல் குத்திய சீலிலும் பின்புறத்திலும் இருக்கிறது.

பனிச்சங்கேணி மட்டக்களப்பு வாவியின் கரையில் இல்லை. எழுவான்கரை, படுவான்கரை என்று இரு கரைகளும் பேசப்படும் பெருவாவி ஏறாவூருக்குத் தெற்கே விரிகிறது. அதற்கு வடக்கே, கடலோடு ஒட்டிய தனி வாவியொன்றின் மேல், மட்டக்களப்பையும் திருகோணமலையையும் இணைக்கும் ஏ15 வீதி கடக்கும் இடம் இது. வீதி என்று சொன்னாலும் நெடுங்காலம் அது நீரால் துண்டுபட்ட வழியாகவே இருந்தது. வடக்கே கிண்ணியாவில் 2009இல் பாலம் திறக்கும்வரை பாதை என்று நம்மவர் சொல்லும் மிதவையில்தான் ஆளும் வண்டியும் கடந்தன. தெற்கே கல்லடியில் 1924இல் பாலம் வந்தது; மண்முனைத் துறைக்கோ 2014வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்தது 1928இல். பாலமும் தண்டவாளமும் வந்த ஆண்டுகளே இப்பகுதித் தபால் வரலாற்றின் உண்மையான காலப்பிரிவுகள். மன்னர்கள் மாறிய ஆண்டுகளால் வாகரைக்கு ஒரு கடிதமும் விரைவாக வந்ததில்லை.

புகையிரதப் பாதை வாழைச்சேனையோடு கரையைவிட்டு உள்நாட்டுக்குத் திரும்புகிறது. ஆகவே வாழைச்சேனைக்கு வடக்கேயுள்ள ஊர்களின் கடிதம் அங்கே வீதியிலிருந்து ரயிலுக்கு மாற வேண்டும். தபால் குறியீட்டெண்களைப் பார்த்தால் இந்த வழி அப்படியே தெரிகிறது. வாழைச்சேனை 30400, கரையோரமாக வடக்கே போனால் மாங்கேணி 30442, பனிச்சங்கேணி 30444, வாகரை 30450, கதிரவெளி 30456. எண் ஏறும் திசையும் தபாற் பை போகும் திசையும் ஒன்று. ஆல்பத்தின் பக்கங்களை இந்த வரிசையில் அடுக்கினால் ஒவ்வொரு பக்கமும் அடுத்த கந்தோருக்குச் செல்லும் வழியில் ஒரு தரிப்பாகிவிடும்.

இங்கே ஆய்வாளர் விழிப்பாயிருக்க வேண்டிய ஒன்று உண்டு. இணையத்தில் உலவும் குறியீட்டெண் பட்டியல்களில் ஆங்கிலத்தில் எழுதிய ‘கேணி’யின் ஆர், என் எழுத்துகள் ஒட்டி எம் ஆகிவிட்டன, பனிச்சங்கேணியும் மாங்கேணியும் ‘கெமி’ என்ற ஈற்றோடு நிற்கின்றன. ஏல விவரணங்களையும் சேகரிப்பாளர் பட்டியல்களையும் தேடும்போது பிழையான வடிவத்தையும் சேர்த்துத் தேடாவிட்டால் இருக்கும் சான்றும் கைநழுவும்.

இனி முக்கியமான கேள்வி. இந்த ஊரின் கடிதங்கள் எங்கே இருக்கின்றன? ஊரில் தேடினால் மிகச் சிலவே கிடைக்கும். 1978 நவம்பரில் சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது; இந்தக் கரையில் பெட்டியும் அலுமாரியுமாகப் பத்திரப்படுத்தியவை ஒரே காலையில் போயின. அதன்பின் மீண்டும் போர். 2007 ஜனவரியில் வாகரை படையினர் கைக்கு வந்தபோது அங்கிருந்த சனம் உடுத்த உடையோடு நடந்து வெளியேறியது. உயிரைக் காப்பாற்றிக்கொண்டு ஓடுகிறவர்கள் கடிதக் கட்டை எடுத்துக்கொண்டு ஓடுவதில்லை.

ஆனால் கடிதத்தின் இயல்பே எழுதிய இடத்தை விட்டுப் போவது. பனிச்சங்கேணியிலிருந்து போனது யாழ்ப்பாணத்திலோ, கொழும்பிலோ, வளைகுடா நாட்டில் வேலைக்குப் போனவரின் பெட்டியிலோ, கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ வாழும் உறவினரின் வீட்டிலோ இருக்கலாம். அழிந்தது ஊருக்கு வந்த கடிதம்; பிழைத்திருக்கக் கூடியது ஊரைவிட்டுப் போன கடிதம். இலண்டன் வணிகர்களின் பெட்டிகள் பென்ஸ் முத்திரைகளைக் காத்ததும் இதே விதியால்தான். வேறுபாடு என்னவென்றால் அந்தப் பெட்டிகளைத் தேடிப்போக ஆட்கள் இருந்தார்கள். புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களின் பெட்டிகளை அவ்விதம் தேடிப்போனவர்கள் அரிது. முதல் தலைமுறையினர் காலமாகும்போது அவை குப்பைக்குப் போகின்றன.

இன்னொரு அழிவு நம் கையாலேயே நடந்தது. பள்ளிக்கூடத்தில் முத்திரை சேர்க்கப் பழகிய எல்லோருக்கும் முதலில் கற்பித்தது உறையின் மூலையை வெட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு முத்திரையை உரிப்பது. அதில் எஞ்சுவது அரைவட்டச் சீலும் ஒரு படமும். அனுப்பிய கந்தோர், திகதி, பதிவுத் தபால் என்றால் அதன் லேபலில் உள்ள கந்தோர்ப் பெயரும் இலக்கமும், பின்புறத்தில் இடைவழிக் கந்தோர்களின் சீல்கள், முகவரி மாறியதால் வேறு ஊருக்குத் திருப்பியனுப்பிய குறிப்பு எல்லாம் குப்பைக்கூடைக்குப் போய்விடும். அந்த முத்திரை கோடிக்கணக்கில் அச்சானது. உப தபால் நிலையத்தின் சீல் விழுந்த உறையோ திரும்பக் கிடைக்காதது. இப்பழக்கத்தை இன்றே விட வேண்டும் என்று ஆசிரியர்களிடமும் சேகரிப்பாளர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

வெளியீட்டு வரிசைக்கு முடிவு உண்டு, விலைப்பட்டியலை வைத்து நிறைவு செய்யலாம். உறைகளைத் தொகுக்கப் புகுந்தால் எல்லையேது என்று மறுப்பவர்கள் உண்டு. நியாயமான மறுப்புத்தான். கந்தோர்களின் எண்ணிக்கைக்கு எல்லை உண்டு என்பதே என் பதில். காலனிக்கால நீலப் புத்தகங்கள், தபாலதிபதியின் நிருவாக அறிக்கைகள், பேர்குசன் கையேடுகள் ஆகியவற்றைக் கொண்டு எந்தக் கந்தோர் எப்போது இயங்கியது என்ற பட்டியலைக் கட்டலாம். கந்தோர் ஒன்றுக்கு, காலப்பிரிவு ஒன்றுக்கு ஓர் உறை என்று வரையறுத்தால் சேகரிப்புக்கு வடிவம் வந்துவிடும். வெற்றிடங்களும் அதில் பொருள் பெறும்: நாட்டில் முத்திரை வெளியீடு தடைப்படாத ஆண்டில் வாகரைப் பக்கத்து உறை கிடைக்காவிட்டால், அந்த வெறுமையைப் பக்கத்திலேயே விட்டுக் காரணத்தைத் தேட வேண்டும்.

‘ஒரு நாடு’ என்ற எல்லையும் இங்கே சோதனைக்குள்ளாகிறது. 1987 முதல் 1990 வரை வடக்கு கிழக்கில் இருந்த இந்திய அமைதி காக்கும் படையினர் தங்கள் களத் தபாற் கந்தோர்கள் வழியே ஊருக்கு எழுதினார்கள். விலைப்பட்டியல்படி அவை இந்தியாவுக்குரியவை. ஆனால் மட்டக்களப்பு மண்ணிலிருந்து புறப்பட்ட கடிதங்கள் அவை. எம்முடைய உப தபால் நிலையங்கள் தடுமாறிய அதே காலத்தில் இயங்கிய இணைவழி. அவற்றை எடுத்தெறிந்தால் அந்த மூன்றாண்டுகளின் பக்கம் பாதியாகிவிடும். ஆகவே எல்லையை முத்திரையிலுள்ள நாட்டுப்பெயரால் வகுக்காமல், கடிதம் தபாலில் சேர்ந்த இடத்தால் வகுக்க வேண்டும்.

இத்தொகுப்புக்கு ஒரு கடமையும் உண்டு. பென்ஸ் உறையின்மேல் உள்ள பெயருக்குரியவர் என்றோ மறைந்துவிட்டார். போர்க்கால உறையின்மேல் இருப்பது உயிரோடிருப்பவரின் பெயராகவும், அவர் எங்கே தங்கியிருந்தார் என்பதற்கான தடயமாகவும் இருக்கக்கூடும். காணாமற்போன மகனுக்குத் தாய் எழுதிய கடிதமாகவும் இருக்கலாம். ஆகவே வெளியிடும்போது பெயரையும் முகவரியையும் மறைத்து, சீல், திகதி, கட்டணம், வழி ஆகியவற்றை மட்டும் காட்ட வேண்டும். உள்ளிருக்கும் தாளை உரிய குடும்பத்தின் இசைவின்றி வாசிக்கவே கூடாது. மூல உறை அந்தக் குடும்பத்திடமே இருக்கட்டும். தொகுப்புக்கு இரு புறத்தின் தெளிவான படமும், யாரிடமிருந்து எப்போது பார்த்தோம் என்ற குறிப்பும் போதும்.