கழக்கூட்டத்துக் குன்றும் டில்லி தந்த வரிவிலக்கும்

இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா திருவனந்தபுரத்தின் வடக்கு ஓரத்தில், கழக்கூட்டத்தை ஒட்டிய வைத்தியன் குன்றில் எழுந்தது. கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகத்தை அடுத்து, பல்கலைக்கழகத்துக்கே சொந்தமாக இருந்த ஏறக்குறைய 50 ஏக்கர் நிலம் அது. 1990 ஜூலையில் 'எலெக்ட்ரானிக்ஸ் டெக்னாலஜி பார்க்ஸ் – கேரளா' என்ற பெயரில் மாநில அரசின் கீழ் ஒரு சங்கம் பதிவாயிற்று. வழக்கில் அதன் பெயர் டெக்னோபார்க்.

திருவனந்தபுரம் தொழில்நகரம் அல்ல. திருவிதாங்கூர் மன்னர்களுக்கும், 1956-க்குப் பின் கேரள மாநிலத்துக்கும் தலைநகரான இந்த ஊரில் பெரிய முதலாளி எப்போதும் அரசாங்கம்தான். ஆனால் அந்த அரசாங்கம் வெறும் கோப்புகளோடு நின்றுவிடவில்லை. பொறியியல் கல்லூரி 1939-இலேயே வந்துவிட்டது. 1963 நவம்பரில் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் பறந்தது. அதைச் சுற்றி வளர்ந்த விண்வெளி மையம் ஆயிரக்கணக்கான பொறியாளர்களை ஊரில் குடியமர்த்தியது. 1973-இல் மாநில அரசு கெல்ட்ரான் என்ற மின்னணு நிறுவனத்தைத் தொடங்கியது. நாட்டில் ஒரு மாநில அரசு இத்துறையில் இறங்கியது அதுவே முதல்முறை. அதற்குத் தலைமை ஏற்ற கே.பி.பி. நம்பியார் பின்னர் டில்லியில் மின்னணுத் துறைச் செயலாளராகவும் இருந்தார். டெக்னோபார்க் என்ற யோசனையை முதல்வர் இ.கே. நாயனாரிடம் கொண்டுபோனவர் அவர்தான். இருவரும் கண்ணூர்க்காரர்கள்.

யோசனை எடுபட்டதற்கு ஒரு நடைமுறைக் காரணம் இருந்தது. தொழிற்சங்கங்களின் பிடி இறுகிய கேரளத்தில் ஆலை வைக்க வெளியார் தயங்கினார்கள். சரக்கு லாரி வந்து நின்றால் உள்ளூர்ச் சுமைதூக்குவோர் சங்கம்தான் இறக்க வேண்டும். முதலாளி தன் ஆட்களையோ இயந்திரத்தையோ கொண்டு இறக்கிக்கொண்டால், தூக்காமல் நின்று பார்த்தவர்களுக்கும் கூலி தர வேண்டியிருந்தது. இதற்கு 'நோக்குக்கூலி' என்று பெயர். 2018 மே 1 முதல்தான் அரசு இதற்கு முடிவுகட்டுவதாக அறிவித்தது. மென்பொருளுக்கோ லாரியும் இல்லை, இறக்குகூலியும் இல்லை. எழுதிய நிரலைக் கம்பி வழியே அனுப்பிவிடலாம். புகை கிடையாது, நிலமும் அதிகம் வேண்டாம், படித்த இளைஞர்கள் போதும். படித்த இளைஞர்கள் வேலை தேடி பம்பாய்க்கும் வளைகுடாவுக்கும் ரயிலும் விமானமும் ஏறிக்கொண்டிருந்த மாநிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் கிடைப்பது அரிது.

நாயனார் 1991-இல் அடிக்கல் நாட்டினார். அதே ஆண்டுத் தேர்தலில் இடதுசாரிகள் தோற்றார்கள். முந்தைய அரசின் திட்டத்தை அடுத்த அரசு கிடப்பில் போடுவது வழக்கமாயிருந்தும் இங்கே அது நடக்கவில்லை. அடுத்து முதல்வரான கருணாகரனின் அரசு தொடர்ந்து கட்டியது. 1995 நவம்பரில், ஏ.கே. ஆண்டனி முதல்வராயிருந்தபோது, பிரதமர் நரசிம்மராவ் வந்து பூங்காவை நாட்டுக்கு அர்ப்பணித்தார். முதல் தலைமைச் செயல் அதிகாரி ஜி. விஜயராகவன். கட்டடங்களுக்குப் பம்பா, பெரியார், நிளா, காயத்ரி, பவானி என்று கேரளத்தில் ஓடும் ஆறுகளின் பெயர்களைச் சூட்டினார்கள். அவற்றில் சில தமிழ்நாட்டு வாசகர்களுக்கும் அறிமுகமானவை.

அரசு இங்கே செய்தது ஒரு நல்ல வீட்டுக்காரரின் வேலை. சாலை, தண்ணீர், தடையில்லாத மின்சாரம், தொலைபேசி எல்லாவற்றையும் முன்கூட்டியே கொண்டுவந்து வைத்துவிட்டு, தயாரான தளத்தைச் சதுர அடிக் கணக்கில் வாடகைக்கு விட்டது. பின்னாளில் வளாகத்துக்குள் மின்விநியோகம் செய்யும் உரிமமும் டெக்னோபார்க்குக்கே கிடைத்தது. நகரத்துக்குள் இடம் பிடித்து, மின் இணைப்புக்கு விண்ணப்பித்து, ஜெனரேட்டர் வாங்கி வைத்துவிட்டு வேலை தொடங்குவதற்கும், கணினியோடு வந்து உட்கார்ந்துகொள்வதற்கும் ஒரு சிறு நிறுவனத்தின் கணக்கில் பெரிய வித்தியாசம் உண்டு.

வரிச்சலுகை வந்தது டில்லியிலிருந்து. 1991-இல் அமைந்த இந்திய மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காக்கள் அமைப்பு தன் தொடக்ககால மையங்களில் ஒன்றைத் திருவனந்தபுரத்தில் திறந்தது. அதில் பதிவுசெய்த நிறுவனம் சுங்கவரி இல்லாமல் கணினிகளை இறக்குமதி செய்யலாம். செயற்கைக்கோள் வழித் தரவு இணைப்பையும் அதே அமைப்பிடம் வாங்கிக்கொள்ளலாம். வருமானவரிச் சட்டத்தின் 10ஏ பிரிவின்படி ஏற்றுமதி லாபத்துக்கு வரி இருக்கவில்லை. பதிலுக்கு, அலுவலகமே சுங்கத்துறையின் பிணைக்கிடங்காகக் கருதப்பட்டது. வரியின்றி வந்த ஒவ்வொரு கணினியும் பேரேட்டில் ஏற வேண்டியிருந்தது; பழுதானதைக்கூட அனுமதியில்லாமல் வாசலைத் தாண்டி எடுத்துப்போக முடியவில்லை. ஏற்றுமதிக் கடப்பாடு வேறு. இந்தக் காகித வேலை பழகாத சிறு நிறுவனங்களுக்கு, பதிவு அலுவலகம் அதே வளாகத்திலேயே இருந்தது பெரிய உதவி.

ஆனால் இதே சலுகை பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் புனேவுக்கும் இருந்தது. வரிவிலக்கு திருவனந்தபுரத்தை மற்ற ஊர்களுக்குச் சமமாக்கியது, அவ்வளவுதான். ஊருக்கென்று தனியாக இருந்தவை கட்டிவைத்த தளமும், குறைந்த செலவில் குடும்பம் நடத்தக்கூடிய நகரமும், ஆண்டுதோறும் வெளிவரும் பட்டதாரிகளும்தான். 1997-இல் விமானப் போக்குவரத்து மென்பொருளுக்காகத் தொடங்கிய ஐ.பி.எஸ். இங்கேயே வளர்ந்து பல நாடுகளுக்குப் பரவியது. இன்று யு.எஸ்.டி. எனப்படும் நிறுவனம் 1999-இல் தொடங்கியது. டி.சி.எஸ். தன் புதிய ஊழியர்களுக்கான பயிற்சி மையத்தை இங்கே வைத்ததால், தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளிலிருந்து தேர்வான பலருக்கு முதல் சம்பளம் வந்த ஊர் திருவனந்தபுரம். ஒருகாலத்தில் இதே தலைநகரின் ஆட்சியில் இருந்த நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளைகளுக்கோ சென்னையைவிடக் கழக்கூட்டம் எட்டும் தூரம். இன்ஃபோசிஸ் 2004-இல் வந்தது. பிறகு சொந்த வளாகம் கட்ட டெக்னோபார்க்கின் இரண்டாம் கட்ட நிலத்தில் இடம் பெற்றது.

போட்டியும் மாநிலத்துக்குள்ளிருந்தே வந்தது. கடலடிக் கம்பிவடங்கள் கரையேறியது கொச்சியில். விமானங்களும் அங்கேதான் அதிகம். 2004-இல் கொச்சியின் காக்கநாட்டில் இன்ஃபோபார்க் தொடங்கியது. அடுத்து துபாய் நிறுவனம் ஒன்றோடு 'ஸ்மார்ட் சிட்டி' என்ற தகவல் தொழில்நுட்ப நகரத்துக்கான பேச்சு எழுந்தபோது, இன்ஃபோபார்க்கையே அந்நிறுவனத்துக்குக் கொடுத்துவிடும் முதல் வரைவு பெரிய அரசியல் சண்டையானது. வி.எஸ். அச்சுதானந்தன் ஆட்சிக்கு வந்து 2007-இல் போட்ட ஒப்பந்தத்தில் இன்ஃபோபார்க் அரசிடமே நின்றது. அரசே வீட்டுக்காரராக இருக்கும் கழக்கூட்டத்து வழி அதற்குள் வேரூன்றியிருந்தது.

10ஏ விலக்கு 2009-இல் முடிய வேண்டியது. இருமுறை நீட்டித்து 2011 மார்ச் 31-இல் முடித்தார்கள். அதற்கு முன்பே 2005-ஆம் ஆண்டின் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டம் அடுத்த கதவைத் திறந்துவிட்டது: முதல் 5 ஆண்டுக்கு ஏற்றுமதி லாபம் முழுவதற்கும், அடுத்த 5 ஆண்டுக்குப் பாதிக்கும் விலக்கு, அதற்கும் பின் 5 ஆண்டுக்கு, தொழிலிலேயே திரும்பப் போடும் லாபத்தைப் பொறுத்துச் சலுகை. டெக்னோபார்க்கின் புதிய கட்டங்கள் இந்த மண்டலங்களாகவே எழுந்தன. மூன்றாம் கட்டத்து இரட்டைக் கட்டடத்துக்குக் கங்கை, யமுனை என்று பெயர். கேரளத்தில் 44 ஆறுகள் இருக்கும்போது வடக்கே போகத் தேவையே இல்லை. பழைய கட்டடங்களில் இருந்தவர்களோ விலக்கு தீர்ந்த பிறகும் பெரும்பாலும் இடம் மாறவில்லை. வரிக்காக மட்டும் வந்திருந்தால் அப்போதே மூட்டை கட்டியிருப்பார்கள்.

அடுத்த தலைமுறைச் சலுகைகள் ஏற்றுமதியைவிட்டுத் தொடக்க நிறுவனங்களின் பக்கம் திரும்பின. 2006-இல் டெக்னோபார்க்குக்குள் அமைந்த தொழில்முனைவு வளர்ப்பகமே பின்னர் கேரள ஸ்டார்ட்அப் மிஷனாக விரிந்தது. கல்லூரியில் படித்துக்கொண்டே நிறுவனம் நடத்தும் மாணவருக்கு வருகைப்பதிவில் 20 சதவீதத் தளர்வும் 4 சதவீதக் கருணை மதிப்பெண்ணும் தரும் கொள்கை 2012-இல் வந்தது. பரீட்சையே பெரிது என்று பிள்ளைகளை வளர்க்கும் மாநிலத்தில் துணிச்சலான முடிவு அது. மானியப் பணத்தைவிட இதுவே பெற்றோர்களிடம் அதிகம் பேசப்பட்டிருக்கும். 2014-இல் தனி ஸ்டார்ட்அப் கொள்கை வந்தது. யோசனையை மாதிரிப் பொருளாக்க மானியம், குறிப்பிட்ட தொகைவரை டெண்டர் இல்லாமல் அரசுத் துறைகளே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு என்பவை அதன் தொடர்ச்சி.

கழக்கூட்டத்துக்கு வடக்கே பள்ளிப்புறத்தில் சுமார் 400 ஏக்கரில் டெக்னோசிட்டி என்ற நான்காம் கட்டம் திட்டமிடப்பட்டு, 2017 அக்டோபரில் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் அதன் முதல் அரசுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார். 2000-இல் டெக்னோபார்க்குக்குள் தொடங்கிய தகவல் தொழில்நுட்பக் கல்விக்கழகம் 2020-இல் டிஜிட்டல் பல்கலைக்கழகமாகி அங்கே குடிபெயர்ந்தது. வளாகங்கள் எல்லாம் சேர்ந்து இப்போது 400-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இயங்குகின்றன.

சிறப்பு மண்டலங்களின் வருமானவரி விலக்கும் புதியவர்களுக்கு மூடிவிட்டது. அது போனபின் சுங்க வேலிக்குள் இருக்கும் தளம் வாடகைக்குப் போவது கடினமாயிற்று: உள்நாட்டுக்கு வேலை செய்யும் நிறுவனம் அங்கே நுழைய முடியவில்லை, ஏற்றுமதி நிறுவனத்துக்கோ அங்கே வர முன்போலக் காரணம் இருக்கவில்லை. கொரோனாவுக்குப் பின் வீட்டிலிருந்தே வேலை என்ற பழக்கமும் சேர்ந்துகொண்டது. 2023 டிசம்பரில் மத்திய அரசு விதியைத் திருத்தி, கட்டடம் முழுவதையும் விடுவிக்காமல் தளம் தளமாகப் பிரித்து மண்டலத்துக்கு வெளியாருக்கும் வாடகைக்கு விட வழி செய்தது.