ஒரு நெடில், இரு குறில்

கணிப்பொறி தன் நோயை உடையவனுக்கு உணர்த்துவதற்குத் திரையையே நம்பியிருக்கிறது. அத்திரைக்குச் சித்திரம் அனுப்பும் கார்டே, புதிதாகப் பொருத்தப்பட்ட மறுகணம் வேலை செய்யாமற்போனால், நோயைச் சொல்லும் வாயே அடைபட்டுவிடுகிறது. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட பெர்சனல் கம்ப்யூட்டரில், திரைக்கான சாதனம் மதர்போர்டில் இடம்பெறாமல், ஐந்து ஸ்லாட்டுகளில் ஒன்றில் தனிக் கார்டாகச் செருகப்பட வேண்டியிருந்தமையால், இந்தச் சங்கடம் அந்த யந்திரத்தோடு கூடவே பிறந்தது எனலாம்.

அதை அமைத்தவர்கள் கண்ட உபாயம் சப்தம். மின்சாரம் பாய்ந்தவுடன் அங்கங்களைப் பரிசோதிக்கும் பயாஸ், திரைக் கார்டில் பிழை கண்டால், உள்ளிருக்கும் சிறு ஸ்பீக்கரின் வழியே ஒரு நெடிலும் இரு குறிலுமாகக் கூவியது. பிற்காலத்து அவார்டு பயாஸ் இம்முறையைக் காத்துவந்தது, ஏ.எம்.ஐ. பயாஸோ எட்டுக் குறில்களை வைத்துக்கொண்டது. ஆகவே பழுதுபார்ப்பவன் செவியைத் தீட்டுவதற்கு முன், கூவுவது எந்தக் குலத்துப் பயாஸ் என்பதை அறிந்திருக்க வேண்டியதாயிற்று.

எழுத்துகளை மட்டும் காட்டும் எம்.டி.ஏ., வர்ணம் காட்டும் சி.ஜி.ஏ. என்று ஐ.பி.எம். ஆரம்பத்திலேயே இருவகைக் கார்டுகளை விற்றது. எது செருகப்பட்டிருக்கிறது என்பதை மதர்போர்டின் முதல் ஸ்விட்ச் வரிசையில் ஐந்தாவதையும் ஆறாவதையும் நகர்த்தி மனிதன்தான் அறிவிக்க வேண்டும். இதனினும் கொடியது, இரு கார்டுகளின் பின்புறத்திலும் ஒரே வடிவான ஒன்பது முனைச் சாக்கெட் இருந்தமை. ஒற்றை நிற மானிட்டரைத் தவறிப்போய் வர்ணக் கார்டில் இணைத்தால், அதிர்வெண் பொருந்தாமல் மானிட்டரே தீய்ந்துபோகக் கூடும். அத்தனை கீர்த்தி பெற்ற நிறுவனம் இதை எவ்வாறு அனுமதித்தது என்பது விளங்கவில்லை.

1982இல், தாய்லாந்து எழுத்துகளில் தம் ஆராய்ச்சி நூலை இயற்ற விரும்பிய வான் சுவன்னுகுல் உருவாக்கிய ஹெர்குலிஸ் கார்டு, எம்.டி.ஏ.யின் தெளிவான எழுத்தோடு சித்திரத்தையும் தந்து பிரசித்தி பெற்றது. ஆயினும் அதன் 64 கிலோபைட் நினைவகத்தின் பிற்பாதி சி.ஜி.ஏ.யின் முகவரியிலேயே விழுந்தபடியால், இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்தவர்கள் அப்பிற்பாதியை முடக்கிவைக்க நேர்ந்தது.

1984இல் வந்த இ.ஜி.ஏ. கார்டு, தன்னை இயக்கும் நிரலைத் தன்மீதுள்ள சில்லிலேயே சுமந்துவந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஐ.பி.எம். யந்திரத்தின் முதற் பயாஸ்கள், 1982 அக்டோபர் 27 என்று தேதியிட்ட பதிப்பு வரும்வரை, அத்தகைய நிரலைத் தேடிப் பார்க்க அறியாதவை. அவற்றில் கார்டும் ஸ்லாட்டும் பழுதற்றிருந்தும் பயனில்லை, பயாஸ் சில்லையே மாற்ற வேண்டும். இன்று பயாஸின் இடத்திற்கு வந்த யு.இ.எஃப்.ஐ. முறையில் மட்டுமே இயங்கும் மதர்போர்டில் பழைய கார்டைச் செருகித் திகைப்பவர்கள் அனுபவிப்பதும் இதே வியாதிதான். அன்று யந்திரம் பழையது, இன்று கார்டு பழையது.

1987இன் வி.ஜி.ஏ. பெரிய ஆறுதல். பின்வந்த கார்டுகள் அனைத்தும் அதன் 640க்கு 480 புள்ளிச் சித்திரத்தைப் பொதுமொழியாக ஏற்றதனால், டிரைவர் தவறினாலும் விண்டோஸின் சேஃப் மோடில் ஏதேனும் ஒரு காட்சி கிடைத்தது.

கார்டைச் செருகும் ஸ்லாட்டும் மாறியது: ஏ.ஜி.பி. என்னும் வகை 1997இலும், பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்னும் வகை 2004இலும் மதர்போர்டுகளுக்கு வந்தன. பின்னதன் ஸ்லாட் 75 வாட்டுக்கு மேல் தராதாகையால், பெரிய கார்டுக்குப் பவர் சப்ளையிலிருந்து தனி ஒயர் கொடுக்க மறப்பது புதிய குற்றமாயிற்று. பெட்டிகளிலிருந்து ஸ்பீக்கர் மெல்ல மறைந்து, பல மதர்போர்டுகளில் சிறு விளக்குகள் அதன் ஸ்தானத்தைப் பெற்றன. விளக்கும் குறை கூறாமல், விசிறியும் சுழன்று, திரை மட்டும் இருண்டிருந்தால், மானிட்டரின் கேபிள் கார்டில் இல்லாமல் மதர்போர்டின் சாக்கெட்டில் மாட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். சித்திர உறுப்பு பிராஸஸருக்குள்ளேயே குடியேறிய பின் பெருகிய இந்தப் பிழையை 1981இன் யந்திரத்தில் யாராலும் செய்திருக்க முடியாது.